உள்நாட்டு இணைய உலாவி: ஒரு முதற் பார்வை

மத்திய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஆகஸ்டு மாதத்தில் ஒரு போட்டியை அறிவித்தது. இந்தியாவிலேயே உருவாக்கப்படும் இணைய உலாவி ஒன்றை வடிவமைத்துத் தருவோருக்கு மொத்தம் 3.41 கோடி ரூபாய் பரிசாக வழங்கப்படும் என்பது அவ்வறிவிப்பு. சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் அலுவலகமும் பெங்களூரிலுள்ள சி-டாக் நிறுவனமும் இணைந்து இப்போட்டியை நடத்தின. 2025 மார்ச் மாதத்தில் முடிவுகள் வெளியாயின. ஸோஹோ நிறுவனம் முதற் பரிசான ஒரு கோடி ரூபாயைப் பெற்றது. பிங் என்ற குழுவுக்கு 75 லட்சமும் அஜ்னா என்ற குழுவுக்கு 50 லட்சமும் கிடைத்தன.

உலகின் சிறந்த உலாவிகள் அனைத்தும் விலையின்றியே கிடைக்கும்போது, மேலும் ஒன்றை உருவாக்க அரசு பணம் ஒதுக்குவானேன் என்ற வினா எவருக்கும் எழக்கூடியதே. இக்கட்டுரையாளருக்கும் அது எழுந்தது. விடை தேடும் பொருட்டு, உள்நாட்டில் உருவான உலாவி ஒன்றைத் தமது கணிப்பொறியில் நிறுவிச் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தார். தேர்ந்தெடுத்தது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2023 மே மாதத்தில் வெளியிட்ட ‘உலா’. போட்டிக்கென அளிக்கப்பட்ட வடிவமும் பொதுமக்களுக்குக் கிடைக்கும் வடிவமும் ஒவ்வோர் அம்சத்திலும் ஒன்றே எனக் கொள்ளலாகாது என்பதை முதலிலேயே கூறிவிடுவது முறையாகும்.

முதல் நாள்

முதல் நாளில் தோன்றிய எண்ணம், ‘இதில் புதிதாக என்ன இருக்கிறது?’ என்பதே. முகவரிப் பட்டை அதே இடத்தில் இருக்கிறது. தாவல்கள் அதே வரிசையில் திறக்கின்றன. பழைய உலாவியில் குறித்து வைத்திருந்த தளங்களின் பட்டியலைச் சில நிமிடங்களில் இதற்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. அலுவலகப் பணி, சொந்த உபயோகம், சிறுவர், மென்பொருள் எழுதுவோர், கட்டுப்பாடற்ற நிலை என ஐந்து பிரிவுகள் உள்ளன. ஒன்றில் பார்த்தவை மற்றொன்றில் கலவாமல் தனித்தனியே வைக்கப்படுகின்றன. ஒரே கணிப்பொறியை அலுவலகத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பயன்படுத்தும் குடும்பங்களுக்கு இது பெரிதும் பயன்படும். விளம்பரங்களையும், தளம் தளமாக நம்மைப் பின்தொடரும் நிரல்களையும் தடுக்கும் வசதி உலாவியிலேயே அமைந்துள்ளது. விளம்பரங்களுக்கு நடுவே செய்தியைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, வெண்ணிறப் பக்கத்தில் செய்தி மட்டும் நிற்பது சற்று விநோதமாகவே இருந்தது!

தமிழ் எழுத்துகள் பிழையின்றித் தோன்றின. இதை இன்று ஒரு செய்தியாகக் கூற வேண்டியதில்லை எனினும், பின்னணியில் நடப்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நன்று. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். கணிப்பொறியின் நினைவகத்தில் முதலில் ககரமும் அடுத்து ஒகரக் குறியீடும் என இரண்டு எண்களே உள்ளன. திரையிலோ அந்தக் குறியீடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி ககரத்தின் முன்னும் மறு பகுதி பின்னும் வந்து அமர வேண்டும். இந்தப் பிரித்தடுக்கும் வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் நிரல். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டுமே இதனைப் பயன்படுத்துகின்றன. இந்திய மொழிகளை அச்சுப்பிழையின்றிக் காட்டும் ஆற்றல் ஒரு நாட்டுக்கோ ஒரு நிறுவனத்துக்கோ உரியதாக இல்லாமல் பொதுச் சொத்தாக இருப்பது நமது நற்பேறு.

என்ஜின் யாருடையது?

புதிய உலாவி பழையதைப் போலவே தோன்றுவதற்குக் காரணம் உண்டு. நாம் காணும் சட்டகத்துக்கு உள்ளே, பக்கத்தைப் படித்து, அளவு கணக்கிட்டு, எழுத்துகளையும் படங்களையும் இடம் பார்த்து அடுக்கும் என்ஜின் ஒன்று இயங்குகிறது. உலா உலாவியின் உள்ளே இருப்பது, கூகுள் நிறுவனம் 2008-இல் குரோம் உலாவியுடன் திறந்த மூலநிரலாக வெளியிட்ட குரோமியம். பேருந்துக்குச் சேஸிஸ் ஓரிடத்திலிருந்து வர, பாடி கட்டும் வேலை வேறொரு பட்டறையில் நடைபெறுவது போன்றது இது.

இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் எழுதிய முதல் உலாவி, தனி மனிதர் ஒருவர் முடிக்கக்கூடிய அளவிலான வேலையாக இருந்தது. 1993-இல் இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்தில் உருவான மொஸைக், படங்களையும் எழுத்துகளையும் ஒரே பக்கத்தில் காட்டி இணையத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. அதையும் ஒரு சிறு குழுவே எழுதியது. இன்றைய என்ஜினோ கோடிக்கணக்கான வரிகளைக் கொண்டது. பெரும் பொருள்வளம் படைத்த மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொந்த என்ஜினைக் கைவிட்டு, 2020 ஜனவரியில் தனது எட்ஜ் உலாவியைக் குரோமியத்தின் மீது அமைத்துக்கொண்டது. இன்று பரவலாகப் புழங்கும் என்ஜின்கள் மூன்றே: குரோமியத்தில் உள்ள பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொஸில்லாவின் கெக்கோ. அவற்றுள்ளும் பிளிங்க், வெப்கிட்டிலிருந்து 2013-இல் பிரிந்த கிளை. வெப்கிட்டோ, தன்னார்வத் தொண்டர்கள் எழுதிய கேஹெச்டிஎம்எல் என்ற நிரலிலிருந்து 2001-இல் கிளைத்தது. நம் நாட்டிலும் முன்னர் ஒரு முயற்சி நடந்தது. 2010-இல் பெங்களூரில் உருவான எபிக் என்னும் உலாவி இந்திய மொழிகளில் தட்டெழுதும் வசதியுடன் மொஸில்லாவின் அடித்தளத்தில் தொடங்கி, 2013-இல் குரோமியத்துக்கு மாறியது.

ஆகவே 3.41 கோடி ரூபாய்ப் பரிசில் நான்காவது என்ஜின் ஒன்று பிறக்கும் என எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது. அப்படியாயின் போட்டியின் நோக்கம் யாது? அறிவிப்பின் நிபந்தனைகளுக்குள் ஒன்றில் அதற்கான விடை உள்ளது. இந்தியாவின் சான்றளிக்கும் அமைப்புகளுடைய மூலச் சான்றிதழை உலாவி தன்னுள் கொண்டிருக்க வேண்டும் என்பதே அந்நிபந்தனை. பொதுவாகப் பயன்படுத்துவோர் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் புதிய உலாவியை மதிப்பிடுவோர் முதலில் பார்க்க வேண்டியது இதையே.

மாதிரிக் கையொப்பப் பதிவேடு

அரசு அலுவலர்களுக்கு இதனை விளக்குவது எளிது. கருவூலத்துக்கு ஒரு பட்டியல் வருகிறது. அதில் கையொப்பமிட்ட அலுவலரைக் கருவூலத்தார் நேரில் கண்டிருக்க மாட்டார்கள். எனினும் பணம் பெற்று வழங்கும் அலுவலர்களின் மாதிரிக் கையொப்பங்கள் அங்கே கோப்பில் உள்ளன. பட்டியலில் உள்ளதை அதனுடன் ஒப்பிட்டு, பொருந்தினால் ஏற்கின்றனர். இல்லையேல் திருப்பி அனுப்புகின்றனர்.

உலாவியும் இதையே செய்கிறது. ஒரு வங்கியின் முகவரியை நாம் தட்டியதும், எதிர்முனையிலுள்ள கணிப்பொறி, ‘இந்த வங்கி நான்தான்’ என்று ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதில் ஒரு சான்றளிக்கும் அமைப்பின் மின்னணுக் கையொப்பம் இருக்கும். அந்த அமைப்பின் நேர்மைக்கு மேலிடத்து அமைப்பொன்று கையொப்பமிட்டிருக்கும். இப்படிப் படிப்படியாக மேலே சென்றால் இறுதியில் ஒரு மூலச் சான்றிதழில் போய் நிற்கும். அந்த மூலச் சான்றிதழ் உலாவியின் பதிவேட்டில் இருந்தால், நமக்கும் வங்கிக்கும் இடையிலான உரையாடல் சங்கேத வடிவில் அமைதியாகத் தொடங்கும். இல்லையெனில், ‘இந்தத் தளம் பாதுகாப்பானதன்று’ என்ற எச்சரிக்கை முழுத் திரையில் எழும்.

நூற்றுக்கும் மேற்பட்ட மூலச் சான்றிதழ்கள் ஒவ்வோர் உலாவியின் பதிவேட்டிலும் உள்ளன. அமைப்புப் பக்கத்தில், தனியுரிமை, பாதுகாப்பு என்ற பகுதிக்குள் சென்றால் அப்பட்டியலைக் காணலாம். இக்கட்டுரையாளர் பல ஆண்டுகள் உலாவிகளைப் பயன்படுத்தியும் இதனைத் திறந்து பார்த்தது இம்முறைதான். ஒருபோதும் கேள்விப்படாத நிறுவனங்களின் பெயர்களை அங்கே வரிசையாகக் கண்டபோது, நமது வங்கிக் கணக்கின் பாதுகாப்பு யார் யாருடைய நேர்மையைச் சார்ந்திருக்கிறது என்ற வியப்பே மேலோங்கியது.

கருவூல உவமை ஓரிடத்தில் பொருந்தாமல் போகிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கருவூலத்தில் ஓர் அலுவலரின் கையொப்பம் அவருடைய அலுவலகத்தின் பட்டியலுக்கு மட்டுமே செல்லும். உலாவியின் பதிவேட்டிலோ, தனியாக வரம்பு விதிக்கப்படாத எந்த மூல அமைப்பும் உலகின் எந்தத் தளத்துக்கும் சான்றளிக்கலாம். பதிவேட்டில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும் ஒருவர் தவறினால், அனைவருடைய பாதுகாப்பும் குலைகிறது.

2014 ஜூலை

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்படி நம் நாட்டில் சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் நியமிக்கப்பட்டார். நாட்டின் மூலச் சான்றிதழை வைத்திருப்பது அவ்வலுவலகமே. உரிமம் பெற்ற அமைப்புகளுக்கு அது சான்றளிக்கிறது. 2014 வரை இம்மூலச் சான்றிதழ் மைக்ரோசாஃப்டின் பதிவேட்டில் முழு அதிகாரத்துடன் இடம் பெற்றிருந்தது. அதனால் விண்டோஸ் கணிப்பொறிகளில் இயங்கிய இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் குரோமும் அதனை ஏற்றன. தனக்கெனத் தனிப் பதிவேடு வைத்திருக்கும் ஃபயர்பாக்ஸில் அது இடம் பெறவில்லை.

2014 ஜூலை 2-ஆம் நாள், தனது தளங்களின் பெயரில் இந்தியாவிலிருந்து தவறான சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கூகுள் கண்டறிந்தது. அவற்றை வழங்கியது, கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழின் கீழ் இயங்கிய தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் அமைப்பு. மறுநாளே அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களைக் கட்டுப்பாட்டாளர் ரத்து செய்தார். சான்றிதழ் வழங்கும் நடைமுறையில் அத்துமீறல் நிகழ்ந்துவிட்டதென்றும், கூகுளின் பெயரில் மூன்று, யாஹூவின் பெயரில் ஒன்று என நான்கு சான்றிதழ்களே தவறாக வெளிவந்தன என்றும் விசாரணையில் தெரிவிக்கப்பட்டது. வேறு சிலவும் இருப்பதாகக் கூகுள் கூறியது. அதன் பின் குரோம் உலாவி இந்திய மூலச் சான்றிதழின் அதிகாரத்தை ஏழு பெயர் வட்டங்களுக்குள் மட்டும் சுருக்கியது. அரசு, கல்வித் தளங்களின் பெயர் வட்டங்களும் ரிசர்வ் வங்கியின் தளமும் அவற்றுள் அடங்கும்.

அச்சம்பவத்தின் விளைவு நீண்டது. நமது மூலச் சான்றிதழ் உலக உலாவிகளில் பொது நம்பிக்கைக்குரியதாக இல்லாத காரணத்தால், இந்திய அரசுத் தளங்களும் வெளிநாட்டு அமைப்புகளிடமிருந்தே சான்றிதழ் பெற்றுவருகின்றன. உள்நாட்டு உலாவிப் போட்டியின் வேர் இங்கேதான் உள்ளது.

இரு வகை அச்சங்கள்

வெளிநாட்டுச் சான்றிதழை நம்பியிருப்பதில் என்ன இடர்? 2022-இல் ரஷ்யாவின் மீது பொருளாதாரத் தடைகள் விதிக்கப்பட்டபோது, மேலை நாட்டு அமைப்புகள் அந்நாட்டுத் தளங்கள் பலவற்றுக்குச் சான்றிதழ் வழங்குவதை நிறுத்தின. ரஷ்ய அரசு சொந்த மூலச் சான்றிதழை அவசரமாக உருவாக்கியது. யாண்டெக்ஸ் போன்ற உள்நாட்டு உலாவிகள் மட்டுமே அதனை ஏற்றன. பெரிய உலாவிகளில் அத்தளங்களைத் திறந்தவர்கள் எச்சரிக்கைத் திரையைக் கண்டனர். அரசியல் சரி தவறுகள் ஒருபுறமிருக்க, ஒரு நாட்டின் வங்கித் தளங்கள் வழக்கம்போல் திறப்பதும் திறவாததும் வெளியிலுள்ளவர்களின் முடிவைப் பொறுத்திருக்கக்கூடும் என்பது அன்று வெளிப்பட்டது.

மறுபுறம், 2019 ஜூலையில் கஜகஸ்தான் அரசு தனது மூலச் சான்றிதழ் ஒன்றைக் கணிப்பொறிகளில் நிறுவிக்கொள்ளுமாறு குடிமக்களைப் பணித்தது. அதனை நிறுவியவர்களின் சங்கேத உரையாடல்களை நடுவில் நின்று திறந்து பார்க்க இயலும் என்பது விரைவில் தெரியவந்தது. ஆகஸ்டு மாதத்தில் கூகுள், மொஸில்லா, ஆப்பிள் மூன்றுமே அச்சான்றிதழைத் தடை செய்தன. பொதுமக்களின் உரையாடலைக் காக்க அமைந்த அதே ஏற்பாடு, ஒற்றறியும் கருவியாக மாற அதிக தூரம் செல்ல வேண்டியதில்லை.

தனியார் அமைப்புகளும் விதிவிலக்கல்ல. நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்தினுள் 2011-இல் ஊடுருவியவர்கள் கூகுளின் பெயரில் உருவாக்கிய போலிச் சான்றிதழ், பெரும்பாலும் ஈரான் நாட்டுப் பயனாளர்களை உளவு பார்க்கப் பயன்பட்டது. அந்நாட்டு அரசுத் தளங்களும் அதே நிறுவனத்தின் சான்றிதழ்களையே நம்பியிருந்ததால் அரசுப் பணிகள் தடுமாறின. அதே ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலாயிற்று.

இவ்விரு அச்சங்களையும் ஒருசேரத் தணிக்கும் வழி உண்டென்றே தோன்றுகிறது. 2014-இல் குரோம் உலாவி தண்டனையாக விதித்த வரம்பை, உள்நாட்டு உலாவிகள் விதியாகவே ஏற்றுக்கொள்ளலாம். இந்திய மூலச் சான்றிதழ் அரசுத் தளங்களுக்கும், விரும்பிப் பதிவு செய்துகொள்ளும் இந்திய நிறுவனங்களின் தளங்களுக்கும் மட்டுமே செல்லும் என உலாவியின் நிரலிலேயே எழுதிவிட்டால், நடைமுறையில் தவறு நேர்ந்தாலும் சேதம் அவ்வட்டத்துக்குள் நின்றுவிடும். வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழையும் எவரும் பார்க்கத்தக்க பொதுப் பதிவேட்டில் ஏற்றுவதை 2018 ஏப்ரல் 30-க்குப் பின் வழங்கப்படும் சான்றிதழ்களுக்குக் குரோம் கட்டாயமாக்கியது. அதே நிபந்தனையை நமது அமைப்புகளுக்கும் விதிப்பதில் தடையொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. இவ்விரண்டும் இன்றி மூலச் சான்றிதழை உலாவியினுள் சேர்ப்பது மட்டுமே சாதனையாகிவிடாது.

அலுவலக மேசையில்

புதிய உலாவியின் உண்மையான சோதனை வீட்டில் நடைபெறவில்லை, அலுவலகத்தில்தான் நடந்தது. ஒப்பந்தப் புள்ளி சார்ந்த துறைத் தளம் ஒன்றை இக்கட்டுரையாளர் திறக்க முயன்றபோது, குறிப்பிட்ட இரண்டு உலாவிகளுள் ஒன்றைப் பயன்படுத்துமாறு ஓர் அறிவிப்பு வந்தது. என்ஜின் ஒன்றே என்பதை அத்தளம் அறியவில்லை. பெயரை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பியது. மின்னணுக் கையொப்பமிட, யுஎஸ்பி டோக்கனைச் செருகியதோடு தனியான துணை நிரல் ஒன்றையும் நிறுவ வேண்டியிருந்தது. அலுவலர்கள் இதனை நன்கறிவர்.

இவ்விடரின் வரலாறு நெடியது. ஆக்டிவ்எக்ஸ், ஜாவா ஆப்லெட் முதலிய இணைப்பு நிரல்களின் துணையுடன் கையொப்பமிடும் முறையை ஒரு காலத்தில் பல நாடுகளின் அரசுத் தளங்கள் பின்பற்றின. குரோம் 2015-இல் அத்தகைய இணைப்புகளை நீக்கியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15-இல் ஓய்வு பெற்றது. தென் கொரியாவின் அனுபவம் இன்னும் கடுமையானது. 1999-இல் அந்நாடு சீட் என்ற சொந்தச் சங்கேத முறையை உருவாக்கிப் பெருமை கொண்டது. உலாவிகளில் அம்முறை இயல்பாக இல்லாததால் ஆக்டிவ்எக்ஸ் நிரல் தேவைப்பட்டது. அதனால் நாடு முழுவதும் மைக்ரோசாஃப்டின் உலாவி ஒன்றையே சார்ந்து நின்றது. சுயசார்புக்கென எடுத்த முயற்சி வேறொருவரைச் சார்ந்திருப்பதில் முடிந்த கதை இது. இதன் அடிப்படையாக விளங்கிய அங்கீகாரச் சான்றிதழ் முறையை அந்நாடு 2020 டிசம்பரில்தான் கைவிட்டது.

உலாவியிலிருந்தே டோக்கன் வாயிலாக ஆவணங்களில் கையொப்பமிடும் வசதியை இந்தியப் போட்டி கேட்டிருப்பது இவ்வகையில் பொருத்தமானது. ஆயினும் ‘இந்த உலாவியில் மட்டுமே இத்தளம் இயங்கும்’ என்ற நிலைக்கு அது இட்டுச் சென்றால், கொரியாவின் பாதையில் நாமும் நடந்தவர்களாவோம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

விலையின்றிக் கிடைக்கும் பொருளுக்கும் எவரோ விலை கொடுக்கின்றனர். உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தனது தேடுபொறியே முதலில் அமைந்திருக்க வேண்டுமென்பதற்காகக் கூகுள் 2021-இல் மட்டும் பிற நிறுவனங்களுக்கு 2,630 கோடி டாலர் வழங்கியது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. மொஸில்லாவின் வருவாயிலும் பெரும்பகுதி அவ்வழியே வருவதுதான். 2024 ஆகஸ்டில் அந்நீதிமன்றம், தேடல் துறையில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துவந்தது எனத் தீர்ப்பளித்தது. எனினும் குரோமை விற்றுவிட வேண்டுமென்ற அரசின் கோரிக்கையை 2025 செப்டம்பரில் ஏற்க மறுத்தது. இத்தொகைகளுக்கு அருகில் 3.41 கோடி ரூபாயை வைத்துப் பார்த்தால், பரிசு என்பது தொடக்கச் செலவுக்கே போதுமானது என்பது புலனாகும்.

தொடர்ந்து நடைபெற வேண்டிய பராமரிப்பே பெருஞ்செலவு. குரோமியம் 2021-இல் நான்கு வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு என்ற முறைக்கு வந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்கு இடையிலும் வெளியாகின்றன. மூலநிரல் திறந்தது என்பதால், எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்பதைத் திருத்தத்தைப் படித்தே எவரும் அறியலாம். அடைக்காமல் விட்ட உலாவிகளைத் தாக்க நினைப்பவரும் அதையே படிக்கின்றனர். ஆகையால் குரோமியத்தின் மீது அமைந்த எந்த உலாவியும், எந்த நாட்டினதாயினும், திருத்தம் வெளியான சில நாட்களுக்குள் தன் பயனாளர்களுக்கு அதனைச் சேர்ப்பித்தாக வேண்டும்.

இதனைச் சரிபார்ப்பது கடினமன்று. உலாவியின் ‘பற்றி’ என்ற பக்கத்தைத் திறந்தால் அதன் அடித்தளமான குரோமியத்தின் பதிப்பு எண்ணை அறியலாம். அதே நாளில் வெளியாகியுள்ள குரோம் பதிப்பின் எண்ணுடன் ஒப்பிட்டு, இடைவெளியை மாதம் ஒருமுறை ஒரு தாளில் குறித்துவந்தாலே போதும். தங்கள் அலுவலகத்துக்கு உள்நாட்டு உலாவியைப் பரிந்துரைக்கும் அலுவலர்கள், திருத்தம் எத்தனை நாட்களுக்குள் வந்து சேரும், மூலச் சான்றிதழுக்கு எந்த வரம்பு விதிக்கப்பட்டுள்ளது என்ற இரு வினாக்களுக்கும் எழுத்து மூலமான பதிலை முன்கூட்டியே கேட்டுப் பெற்றுக் கோப்பில் வைக்கலாம்.